நிஷா மில்லட்: ஒரு நீச்சல் வாழ்வும் நம் ஊர்களுக்கான பாடமும்

விருதுநகர்ச் சீமையில் பள்ளிக்கூடங்கள் எப்படி எழுந்தன என்பதை இந்த மலரைக் கையில் எடுக்கும் பெரியவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்தார்கள். வீடுகளில் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனியே சேர்த்தார்கள். அந்த மகமைப் பணமும் பிடி அரிசியும்தான் 1889இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்தியாசாலையைத் தாங்கி நின்றன. காமராஜர் படித்த பள்ளி அது. நாடு விடுதலை பெற்ற 1947இல் விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி வந்தது. 1963இல் சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி வந்தது.

சிவகாசித் தொழிலின் வரலாறும் இதே குணம் கொண்டது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டார்கள். அங்கேயே ஒரு வேலையில் அமர்ந்துவிடாமல், கற்றதைத் தங்கள் ஊருக்கே கொண்டுவந்தார்கள். மழை குறைவு, விவசாயம் நிச்சயமில்லை, காற்றில் ஈரமில்லை என்று எவற்றையெல்லாம் குறையாகச் சொன்னோமோ, அவையே தீப்பெட்டிக்கும் பின்னால் பட்டாசுக்கும் வாய்ப்பாக அமைந்தன. மருந்து காய வெயில் வேண்டும். அது நம்மிடம் ஏராளமாக இருந்தது.

கல்விக்கும் தொழிலுக்கும் நிறுவனம் கட்டத் தெரிந்த இந்த மண், விளையாட்டுக்கும், அதிலும் தண்ணீர் விளையாட்டுக்கும், அப்படி ஒன்றைக் கட்ட முடியும் என்பது என் உறுதியான நம்பிக்கை. அதனால்தான் இந்த மலருக்கு ஒரு நீச்சல் வீராங்கனையின் வாழ்க்கையை எழுதத் தேர்ந்தெடுத்தேன். நிஷா மில்லட் நம் மாவட்டத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால் அவர் நீந்தக் கற்றது தமிழ்நாட்டில். அவர் எங்கே தொடங்கினார், எங்கே போக நேர்ந்தது, எதனால் நிறுத்தினார் என்ற மூன்று கேள்விகளிலும் நமக்குப் பாடம் இருக்கிறது.

ஷெனாய் நகரில் தொடக்கம்

நிஷா பிறந்தது 1982 மார்ச் 20. ஐந்து வயதில் தண்ணீரில் மூழ்கிப் பிழைத்த குழந்தை அவர். அப்படி நடந்த வீட்டில் பொதுவாக என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியும். தண்ணீர்ப் பக்கமே போகாதே என்பார்கள். கோயில் தெப்பக்குளத்துப் படியில் கால் நனைக்கக்கூட விடமாட்டார்கள். அந்தப் பயம் பிள்ளையோடு வளர்ந்து, அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேரும்.

நிஷாவின் தந்தை வேறு முடிவெடுத்தார். மகளுக்குத் தண்ணீர்ப் பயம் நீங்க வேண்டுமானால் நீச்சல் தெரிய வேண்டும் என்று, 1991இல் சென்னை ஷெனாய் நகர் நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போனார். அப்போது நிஷாவுக்கு ஒன்பது வயது. பதக்கக் கனவெல்லாம் அன்று இல்லை. குழந்தை தண்ணீரில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்ற ஒரு தகப்பனின் கவலைதான் இருந்தது. அடுத்த ஆண்டே, 1992இல், சென்னையில் நடந்த மாநில அளவிலான போட்டியில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் நிஷா பதக்கம் வென்றார்.

பயந்த குழந்தை ஓராண்டில் பதக்கம் வாங்கியது அதிசயம் என்று கடந்துபோய்விடக் கூடாது. வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் ஒரு குளம் இருந்தது. அங்கே நாள்தோறும் தண்ணீர் இருந்தது. இவை இரண்டும் இல்லாவிட்டால் தந்தையின் உறுதி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வீணாகியிருக்கும். திறமை எங்கே ஒளிந்திருக்கிறது என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. எல்லாக் குழந்தைகளும் இறங்குவதற்கு ஓர் இடம் இருந்தால்தான் அவர்களுக்குள் இருக்கும் ஒரு நிஷா வெளியே வருவார்.

1994: சென்னையின் இரண்டு பிள்ளைகள்

நம் வயதுக்காரர்களுக்கு 1994 என்றதும் இன்னொரு பெயர் நினைவுக்கு வரும். குற்றாலீஸ்வரன். பள்ளிகளின் காலை வணக்கக் கூட்டத்தில் ஆசிரியர்கள் எடுத்துச் சொன்ன பெயர். 1981இல் பிறந்த அவர், கோடைக்கால நீச்சல் முகாம் ஒன்றில் கற்கத் தொடங்கினார். பயிற்சியாளர் கே. எஸ். இளங்கோவன் அவரை நெடுந்தூர நீச்சலுக்குத் திருப்பினார். 12 வயதில் பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். அதே 1994 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்து, 1966இல் ஐந்து கடந்த மிகிர் சென்னின் சாதனையைத் தாண்டினார். அர்ஜுனா விருதும் பெற்றார். நம் ஊர்ப் பையன்கள் கிணற்றில் குதிக்கும்போது குற்றாலீஸ்வரன் பெயரைச் சொல்லிக் குதித்த காலம் அது.

அதே 1994இல், சென்னையில் பள்ளி மாணவியாக இருந்த நிஷா, ஹாங்காங்கில் நடந்த ஆசிய வயதுப்பிரிவுப் போட்டியில் தம் முதல் சர்வதேசப் பதக்கத்தை வென்றார். அப்போது அவருக்கு 12 வயது.

இருவரும் ஒரே நகரத்தில் வளர்ந்த, ஏறத்தாழ ஒரே வயதுடைய பிள்ளைகள். ஒருவர் கடலுக்குப் போனார். மற்றவர் குளத்திலேயே வேகத்தைத் தேடினார். கடல் நீச்சலில் எதிரி குளிரும் அலையும் நேரமும். ஆங்கிலக் கால்வாயின் மிகக் குறுகிய இடமே 30 கிலோமீட்டருக்கு மேல். குளப் போட்டியில் எதிரி ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு. இரண்டுக்கும் அடிப்படை ஒரே நீச்சல்தான். ஃப்ரீஸ்டைல் என்று நாம் அழைக்கும், கைகளை மாறி மாறி வீசி முன்னேறும் நீச்சல் அது.

அடுத்த ஆண்டு டிசம்பரில் சென்னையில் தெற்காசியக் கூட்டமைப்பு விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. அதற்காகத்தான் வேளச்சேரியில் நீச்சல் வளாகம் எழுந்தது. ஒரு விழாவுக்காகக் கட்டியது விழாவோடு முடிந்துவிடவில்லை. தமிழ்நாட்டு நீச்சல்காரர்கள் இன்றும் அங்கே இறங்குகிறார்கள். கட்டிடம் ஒன்று நின்றுவிட்டால் அது தலைமுறைகளுக்குப் பேசும் என்பதற்கு வேளச்சேரி சாட்சி.

பெங்களூருக்கு ஒரு குடும்பம் போனது

நிஷாவின் வாழ்வில் மிகப் பெரிய முடிவு குளத்துக்கு வெளியே எடுக்கப்பட்டது. மகளின் பயிற்சிக்காகக் குடும்பம் பெங்களூருக்கு இடம் பெயர்ந்தது. அங்கே பசவனகுடி நீச்சல் மையமும் பயிற்சியாளர் பிரதீப் குமாரும் இருந்தார்கள். பின்னாளில், 2016இல், துரோணாச்சாரியார் விருது பெற்றவர் இவர்.

ஒரு பிள்ளையின் நீச்சலுக்காக ஒரு குடும்பமே ஊர் மாறுவது என்றால் அந்தப் பயிற்சியில் அப்படி என்ன இருக்கிறது என்று பெற்றோர் கேட்கலாம். 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். நிஷா ஒலிம்பிக்கில் நீந்திய போட்டி அதுதான்.

குளத்தின் நீளம் 50 மீட்டர். நான்கு நீளம், மூன்று திருப்பம். கை நேராக முன்னே நீண்டு விரல்நுனி முதலில் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். இறங்கியதும் முழங்கை மேலே நிற்க, முன்கையும் உள்ளங்கையும் சேர்ந்து தண்ணீரைப் பிடித்துப் பின்னே தள்ள வேண்டும். முழங்கை தாழ்ந்துவிட்டால் தண்ணீர் நழுவிப் போகும். கை சுற்றும், உடம்பு நகராது. மூச்சு வாங்கத் தலையைத் தூக்கக் கூடாது. உடல் உருளும்போது வாய் பக்கவாட்டில் தண்ணீருக்கு மேலே வரும் அந்தக் கணத்தில் இழுத்துவிட வேண்டும். தலையைத் தூக்கினால் இடுப்பு தாழும், வேகம் விழும். சுவர் நெருங்கியதும் கையால் தொட்டுத் திரும்ப நேரமில்லை. தண்ணீருக்குள் ஒரு குட்டிக்கரணம், இரு பாதங்களும் சுவரில், ஓர் உந்தல். அந்த உந்தலில் தண்ணீருக்கடியில் 15 மீட்டர் வரை போகலாம். அதற்குள் தலை வெளியே வந்துவிட வேண்டும் என்பது விதி.

இத்தனையும் தெரிந்த பிறகுதான் உண்மையான சோதனை. முதல் 100 மீட்டரை முழு வேகத்தில் போனால் கடைசி 50 மீட்டரில் கைகள் இரும்பாகிவிடும். அடக்கிப் போனால் முன்னால் போனவரைப் பிடிக்க முடியாது. மூன்றாவது 50 மீட்டர்தான் 200 மீட்டரின் மர்மம் என்று நீச்சல் பயிற்சியாளர்கள் சொல்வார்கள். உடல் கெஞ்சத் தொடங்கும் இடம் அது. சுவர் இன்னும் கண்ணில் படாத இடமும் அதுதான். அந்த இடத்தில் எப்படி நீந்துவது என்பதைப் பேச்சால் கற்றுத்தர முடியாது. விடியலில் ஒரு வேளை, பள்ளி முடிந்து ஒரு வேளை என்று ஆண்டு முழுவதும் நீந்தித்தான் உடல் அதைக் கற்றுக்கொள்ளும். சில நாள் இடைவெளி விட்டாலே தண்ணீரின் பிடி கையைவிட்டுப் போய்விடும் என்பது நீச்சல்காரர்கள் எல்லோரும் அறிந்தது.

கோடை விடுமுறையில் ஒரு மாதம் முகாம் நடத்தினால் குழந்தைகள் நீந்தக் கற்றுக்கொள்வார்கள். அது மிக நல்ல காரியம். ஆனால் போட்டி நீச்சல் வீரர் உருவாக ஆண்டின் எல்லா மாதமும் தண்ணீர் வேண்டும், கரையில் நின்று முழங்கையைப் பார்த்துத் திருத்தும் கண் வேண்டும். நிஷாவின் குடும்பம் பெங்களூரில் தேடியது அதைத்தான்.

இம்பாலும் சிட்னியும்

தேடியது கிடைத்தது. 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்காக நிஷா நீந்தினார். 1999இல் மணிப்பூரின் இம்பாலில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் 14 தங்கப் பதக்கங்கள் வென்றார். அப்போது அவருக்கு 17 வயது நிறையவில்லை. ஒரே தேசிய விளையாட்டுப் போட்டியில் 14 தங்கம் என்பது அதுவரை எந்த இந்திய விளையாட்டு வீரரும் தொடாத எண்ணிக்கை. பதக்கத்தை எண்ணுவது எளிது. ஒவ்வொரு பதக்கத்துக்கும் முன்னால் ஒரு தகுதிச் சுற்று, ஓர் இறுதிச் சுற்று, இடையே உடலைத் தேற்றிக்கொள்ளக் கிடைக்கும் கொஞ்ச நேரம் என்று நினைத்துப் பார்த்தால் அந்த வாரத்தின் உழைப்பு புரியும்.

2000 செப்டம்பரில் சிட்னி ஒலிம்பிக். இந்திய நீச்சல் அணியில் இருந்த ஒரே பெண் நிஷா. வயது 18. பெண்கள் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் இறங்கினார். தம் தகுதிச் சுற்றில் முதலாவதாக வந்தார். ஆனால் எல்லாச் சுற்றுகளின் நேரத்தையும் ஒப்பிட்டே அரையிறுதிக்குத் தேர்வு செய்வார்கள். அந்த வரிசையில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. தங்கம் ஆஸ்திரேலியாவின் சூசி ஓ'நீலுக்குப் போனது.

இதைத் தோல்வி என்று எழுதுபவர்கள் இந்திய நீச்சலின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தனிநபர் நீச்சல் தங்கம் வாங்கித் தந்தவர் ஒருவரே. 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை வென்ற சச்சின் நாக் அவர். அதன்பின் 1986இல் சியோலில் கஜான் சிங் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் வெள்ளி வென்றார். இவ்வளவு இடைவெளி விட்டு இவ்வளவு குறைந்த பதக்கங்கள். கடற்கரையும் ஆறுகளும் கோடிக்கணக்கான பிள்ளைகளும் உள்ள நாட்டில் இது ஏன்? பிள்ளைகள் எங்கும் இருக்கிறார்கள். ஆண்டு முழுவதும் பயிற்சி தரும் குளங்கள் சில நகரங்களில் மட்டும் இருக்கின்றன. இந்த நிலையில் ஒரு பெண் தண்ணீர்ப் பயத்திலிருந்து புறப்பட்டு ஒன்பதே ஆண்டுகளில் ஒலிம்பிக் குளத்தின் கரையில் நின்றார் என்றால், அதைக் கொண்டாடத்தான் வேண்டும். அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது முற்றிலும் பொருத்தம்.

நிறுத்திய காரணம்

2002இல் நிஷாவுக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. நீச்சல்காரருக்கு முதுகு எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. கையின் வீச்சும் காலின் உதையும் சந்திக்கும் இடம் அது. அறுவை முடிந்து மீண்டும் தண்ணீருக்குத் திரும்பினார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற முயன்றார். மிகச் சிறிய வித்தியாசத்தில் வாய்ப்பு தவறியது. அத்துடன் போட்டி நீச்சலிலிருந்து விலகினார். அவருக்கு அப்போது 22 வயது. மகளின் நீச்சலுக்காகக் குடும்பம் தாங்கிய செலவுச் சுமையும் அந்த முடிவுக்கு ஒரு காரணம்.

குற்றாலீஸ்வரன் கதையிலும் இந்த இடம் வருகிறது. உலகச் சாதனைக்குப் பிறகும் பொருளுதவி போதிய அளவு கிடைக்காமல், அவர் நீச்சலைவிட்டுப் பொறியியல் படிப்புக்குத் திரும்பினார். பின்னர் அமெரிக்கா சென்றார். ஒரே நகரத்தில் ஒரே ஆண்டில் பெயர் பெற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் தடையாக வந்தது ஒன்றே. இருவரிடமும் திறமைக்குக் குறைவில்லை. இரு குடும்பங்களிடமும் அன்புக்குக் குறைவில்லை. குடும்பத்தின் கை ஓயும் இடத்தில் தாங்கிப் பிடிக்க ஒரு நிறுவனம் இல்லாமல் போனது.

நம் முன்னோர் வித்தியாசாலை தொடங்கியது இப்படிப்பட்ட இடத்தை நிரப்பத்தான். ஒரு வீட்டால் முடியாததை ஊர் சேர்ந்து செய்வது. காமராஜர் தாயாரால் மட்டும் ஒரு பள்ளியை நடத்தியிருக்க முடியாது. ஊர்ப் பெண்கள் எல்லோரும் போட்ட பிடி அரிசி நடத்தியது.

விலகிய பின்னும் நிஷா தண்ணீரைவிட்டு விலகவில்லை என்பது மகிழ்ச்சி தரும் செய்தி. பெங்களூரில் தம் பெயரிலேயே நீச்சல் பயிற்சி நிலையம் தொடங்கி, குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் கற்பித்து வருகிறார். தண்ணீரைக் கண்டு நடுங்கும் குழந்தையிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது அவரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? அவர் கற்றது இப்போது பல நூறு பிள்ளைகளிடம் போய்ச் சேருகிறது. ஆனால் சேரும் ஊர் பெங்களூர். கல்கத்தாவில் கற்றது சிவகாசிக்குத் திரும்பி வந்ததுபோல, ஷெனாய் நகரில் முளைத்தது தமிழ்நாட்டுக்குத் திரும்பி வர வழி செய்யப்படவில்லை.

நெய்வேலி காட்டும் வழி

பிள்ளைகளை ஒரு நிறுவனம் தாங்கும் வழி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது என்பதற்கு நெய்வேலி உதாரணம். அந்த நிலக்கரி நகரத்துக்கும் நம் விருதுநகருக்கும் ஓர் உறவு உண்டு. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட 1956இல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் காமராஜர். சுரங்கத்தோடு ஒரு முழு நகரியமும் அங்கே எழுந்தது. பள்ளி, மருத்துவமனை, விளையாட்டுத் திடல் ஆகியவற்றோடு நீச்சல் குளமும் வந்தது.

தடகள வீராங்கனையாக இந்தியாவுக்காக ஓடிய சாந்திமோள் அந்த நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1993இல் பிறந்த அவருடைய மகன் சாஜன் பிரகாஷ் நெய்வேலிக் குளத்தில் நீந்தக் கற்றார். பின்னாளில் அதே பிரதீப் குமாரிடம் பயிற்சி பெற்றார். 2015இல் கேரளத்தில் நடந்த தேசிய விளையாட்டில் ஆறு தங்கம் வென்றார். 2016இல் ரியோ ஒலிம்பிக். பிறகு கழுத்துக் காயத்தால் பல மாதங்கள் அவதிப்பட்டார். அதிலிருந்து மீண்டு, 2021 ஜூன் மாதம் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்தார். ஒலிம்பிக்கின் நேரடித் தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல்காரர் ஆனார். தேவைப்பட்டது 1 நிமிடம் 56.48 விநாடி. வித்தியாசம் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு.

நெய்வேலிக் குளத்தைக் கட்டியவர்கள் ஒலிம்பிக் வீரர் வருவார் என்று கணக்குப் போட்டுக் கட்டவில்லை. தொழிலாளர் பிள்ளைகள் நீந்தட்டும் என்று கட்டினார்கள். தொழில் வளர்ந்த இடத்தில் தொழிலாளியின் பிள்ளைக்கும் ஒரு குளம் இருந்தது. அதிலிருந்து ஒருவர் இரண்டு ஒலிம்பிக் போனார்.

தமிழ்நாட்டின் இன்னொரு பெரிய தொழில் வட்டாரம் நம்முடையது. இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் பெரும்பங்கு சிவகாசி, சாத்தூர், விருதுநகர், வெம்பக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் செய்தது. அச்சுத் தொழிலும் தீப்பெட்டித் தொழிலும் தனி. இந்த வட்டாரத் தொழிலாளியின் பிள்ளைக்கும் நெய்வேலிப் பிள்ளைக்குக் கிடைத்தது கிடைக்க வேண்டும்.

நம் கிணறுகள்

நம் ஊரில் நீச்சல் இல்லாமல் இல்லை. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் பிறந்தவர்கள் பெரும்பாலும் கிணற்றில் கற்றவர்கள். உள்ளே கொட்டை நீக்கிக் காயவைத்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி, இடுப்பில் ஒரு கயிறும் கட்டி இறக்கிவிடுவார்கள். மாமாவோ பெரியண்ணனோ படியில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்வார். முதல் சில நாள் இரண்டு குடுக்கை, பிறகு ஒன்று. ஒருநாள் பையனுக்குச் சொல்லாமலே கயிற்றைத் தளர விட்டுவிடுவார். அவன் எதிர்ச்சுவரைத் தொட்டுத் திரும்பிப் பார்க்கும்போதுதான் தானாகவே வந்துவிட்டது தெரியும். பிறகு பம்புசெட் அறை மேலிருந்து குதிப்பது, முங்கி அடிமண் எடுத்து வந்து காட்டுவது என்று வளரும்.

ஓர் ஆசிரியர் மாணவனுக்குத் தரவேண்டிய எல்லாமும் அந்தக் கயிற்றில் இருந்தன. பாதுகாப்பு, படிப்படியான பயிற்சி, சரியான நாளில் கையை விடும் துணிவு. ஆனால் அந்தக் கிணறுகள் இப்போது பெரும்பாலும் வறண்டுவிட்டன. ஆழ்துளைக் கிணறுகள் நூற்றுக்கணக்கான அடி இறங்கிய பிறகு திறந்த கிணறுகளில் தண்ணீர் நிற்பதில்லை. கண்மாய்களில் சில வாரமே தண்ணீர். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கிணற்று வகுப்பு பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்குத்தான் நடந்தது. பெண் பிள்ளைகள் கரையில் நின்று பார்த்தார்கள், அல்லது பார்க்கவும் விடப்படவில்லை.

கற்றுத்தரும் இடம் போய்விட்டது. ஆபத்தான தண்ணீர் மட்டும் மிச்சமிருக்கிறது. கைவிட்ட கல்குவாரிக் குழிகளிலும், மழைக்குப் பின் திடீரென நிறையும் கண்மாய்களிலும், அணைப் பகுதிகளிலும் விடுமுறை நாளில் பிள்ளைகள் இறங்குகிறார்கள். நீச்சல் தெரியாத ஒருவனைக் காப்பாற்ற நீச்சல் தெரியாத இன்னொருவன் குதிக்கிறான். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2021இல் ஜூலை 25ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது. பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு அடிப்படை நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்றுத்தர வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. ஐந்து வயதில் மூழ்கிப் பிழைத்த நிஷாவின் தந்தைக்கு அது 1991லேயே தெரிந்திருந்தது.

செய்யக்கூடிய காரியம்

குடிக்கத் தண்ணீருக்கே குடம் வரிசையில் நிற்கும் ஊரில் நீச்சல் குளமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கணக்குப் பார்ப்போம். ஒலிம்பிக் அளவுக் குளம் 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், குறைந்தது 2 மீட்டர் ஆழம். அதற்கு 25 லட்சம் லிட்டர் வேண்டும். குழந்தைகள் கற்க அவ்வளவு பெரிய குளம் தேவையில்லை. 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் போதும். 3 லட்சம் லிட்டரில் முடிந்துவிடும். ஒருமுறை நிரப்பினால் அதே தண்ணீரை வடிகட்டி, குளோரின் சேர்த்துச் சுழற்றிப் பயன்படுத்தலாம். வெயிலில் ஆவியாவதை மட்டும் ஈடுகட்ட வேண்டும். நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகும் என்று வைத்தால் 1,250 லிட்டர். வடிகட்டியைக் கழுவ இன்னும் கொஞ்சம். மேலே ஒரு கூரை போட்டால் ஆவியாவதும் குறையும், பிள்ளைகள் உச்சி வெயிலிலும் நீந்தலாம். கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் சேர்த்தால் அதுவும் உதவும்.

குளம் கட்டுவது பாதி வேலை. மீதிப் பாதி, கரையில் நிற்கும் மனிதர். முறையாகப் பயின்ற பயிற்சியாளர் ஒருவர், உயிர்காப்பாளர் ஒருவர், பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளர் ஒருவர். பெண்களுக்கென்று தனி நேரமும் உடை மாற்றத் தனி அறையும். இவை இல்லாத குளத்துக்கு நம் வீட்டுப் பெண்களை யாரும் அனுப்பமாட்டார்கள். அனுப்பாவிட்டால் அடுத்த நிஷா கரையிலேயே நின்றுவிடுவார். மாவட்டத்தில் ஏற்கனவே உள்ள குளங்கள் ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் அங்கே வாரத்தில் ஒரு நேரம் ஒதுக்க வேண்டும். இல்லாத ஊர்களில் புதிதாகக் கட்ட வேண்டும்.

பணத்துக்கு வழி நம் வரலாற்றிலேயே இருக்கிறது. மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இன்று பெட்டிக்கு இவ்வளவு என்று எடுக்கலாம். ஆலை உரிமையாளர்கள், அச்சகத்தார், வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் இருக்கும் முன்னாள் மாணவர்கள், பள்ளி நிர்வாகங்கள், மாவட்ட விளையாட்டு அலுவலகம் எல்லோரும் சேர்ந்தால் இது எட்டாத காரியமன்று. தேறி வரும் பிள்ளைக்கு உணவு, பயணம், போட்டிக் கட்டணம், காயம் பட்டால் மருத்துவம் ஆகியவற்றுக்கு ஒரு நிலையான நிதி வேண்டும். 22 வயதில் செலவைக் கணக்குப் பார்த்து ஒரு வீராங்கனை விலகும் நிலை நம் பிள்ளைக்கு வரக்கூடாது.

ஒலிம்பிக் பதக்கம் வரும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. வரலாம். அதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். ஆனால் குளம் திறந்த முதல் ஆண்டிலேயே ஒரு பலன் நிச்சயம். நம் பிள்ளைகள் சில நூறு பேர் தண்ணீரில் விழுந்தால் மிதக்கத் தெரிந்தவர்களாக இருப்பார்கள். பதக்கத்துக்காகக் காத்திருக்காமல் கட்டுவதற்கு அந்த ஒரு காரணமே போதும்.

இந்த விழா மலரைப் படிக்கும் நிர்வாகிகளிடமும் பெற்றோரிடமும் நான் வேண்டுவது இதுதான். அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் ஒருநாள் கூடிப் பேசுங்கள். எந்த இடம், எவ்வளவு செலவு, யார் பொறுப்பு என்று மூன்று வரிகள் எழுதிக் கையெழுத்திடுங்கள். 1889இல் நம் ஊர்ப் பெரியவர்கள் பள்ளிக்காகக் கூடியதுபோல் இன்று குளத்துக்காகக் கூடுங்கள். மகமைக் கணக்கின் முதல் வரியில் என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.